காணாததை வரைவது

வெள்ளவத்தையின் ரியூசன் வகுப்புகளில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒபிற்றல் வரையப் பழகுகிறார்கள். எஸ் ஒபிற்றல் ஒரு வட்டம். பி ஒபிற்றல் நடுவில் இறுகி இரு புறமும் புடைத்த வடிவம். இரண்டு பி ஒபிற்றல்கள் பக்கவாட்டில் மேற்பொருந்தினால் பை பிணைப்பு. ஒரு புடைப்புக்கு ஒரு நிறம், மற்றதற்கு வேறு நிறம். பரீட்சையில் இந்தப் படத்துக்குப் புள்ளி உண்டு. இது எதனுடைய படம் என்ற கேள்வி மட்டும் வினாத்தாளில் வருவதில்லை. இலத்திரன் ஓடும் பாதையை இது காட்டவில்லை. குவாண்டம் பொறிமுறையில் அப்படி ஒரு பாதையே கிடையாது. ஏதோ ஒரு திண்மத்தின் விளிம்பையும் இது காட்டவில்லை. 1926இல் எர்வின் சுரோடிங்கர் எழுதிய சமன்பாட்டுக்குத் தீர்வாக ஓர் அலைச்சார்பு கிடைக்கிறது. அதன் வர்க்கம் இலத்திரனை ஓரிடத்தில் காணும் நிகழ்தகவைச் சொல்கிறது. அந்த நிகழ்தகவில் 90 வீதம் உள்ளே அடங்கும்படி ஒரு மேற்பரப்பை நாம் வரைகிறோம். 90 என்பது நமது தெரிவு. 95 என்று வைத்தால் படம் பருத்துவிடும். நிறங்கள் அலைச்சார்பின் நேர், மறைக் குறிகள். அவற்றுக்கு மின்னேற்றத்துடன் எந்தத் தொடர்பும் இல்லை. இரு நிறங்களையும் ஒருசேர மாற்றிப் பூசினாலும் படத்தின் பொருள் மாறாது. இத்தனை தெரிவுகள் நம்முடையவையாக இருக்கும்போது, படத்தில் மூலக்கூறுக்கு உரியது எவ்வளவு?

காணமுடியாத ஒன்றுக்கு உருவம் கொடுக்கலாமா, கொடுத்தால் அந்த உருவம் எந்த வகையில் உண்மை என்பது இரசாயனவியலுக்கு வெளியே மிகப் பழைய விவாதம். கொழும்பில் அதற்குச் சொல்லப்பட்ட விடைகள் நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் கட்டடங்களாக நிற்கின்றன. கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் உள்ள வுல்வெண்டால் தேவாலயம் 1749இல் தொடங்கி 1757இல் திறந்துவைக்கப்பட்ட ஒல்லாந்தர் ஆலயம். அதைக் கட்டிய சீர்திருத்தச் சபையின் 1563ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் வினாவிடை, எழுத்தறியாத மக்களுக்குப் பாடம் சொல்லும் கருவியாகக்கூட ஆலயத்தில் உருவங்களை வைக்கக்கூடாது என்று விதித்தது. சற்று அப்பால் உள்ள புனித லூசியாள் பேராலயம் 787இல் இரண்டாம் நிக்கேயா சங்கம் எடுத்த முடிவின் வழி வந்தது: உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவத்தைக் கடந்து அதன் மூலத்தைச் சென்றடைகிறது. கொச்சிக்கடைப் பக்கம் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். 1857இல் பொன்னம்பல முதலியார் அமைத்ததை 1907க்கும் 1912க்கும் இடையில் அவர் மகன் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பினார். அதன் மூலத்தானத்தில் இருக்கும் இலிங்கம் எந்த உடலுக்கும் சாயல் இல்லாத ஓர் உருவம். மாணவர் கையில் இருக்கும் ஒபிற்றல் படம் இந்த மூன்று விடைகளுக்கும் நடுவே ஒரு தெளிவான சோதனை வழக்காக வந்து நிற்கிறது என்பதே நான் இங்கே வாதிட விரும்புவது. ஓர் உருவம், தான் குறிக்கும் பொருளுக்கு எந்தச் சாயலும் இல்லாமலே உண்மையாக இருக்கமுடியும். ஆனால் அந்த உண்மை பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கும் இடையிலுள்ள உறவின் உண்மை. அந்த உறவைப் பிரித்துவிட்டுப் பொருளின் மேல் ஒட்டினால் அது பொய்யாகிவிடும்.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி. மூலக்கூறு ஒபிற்றல் முறையை வளர்த்தவர்களில் சார்ள்ஸ் கூல்சன் முக்கியமானவர். 1952இல் வெளிவந்த அவருடைய ‘வேலன்ஸ்’ ஒரு தலைமுறை மாணவர்களுக்குப் பிணைப்பைக் கற்பித்த நூல். அவர் மெதடிஸ்த திருச்சபையின் பொதுநிலைப் போதகரும்கூட. அறிவியலையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் பற்றி 1955இல் ஒரு நூல் எழுதினார். அறிவியல் விளக்காத இடைவெளிகளில் கடவுளை ஒளித்துவைக்கும் பழக்கத்தை அவர் கடுமையாக மறுத்தார். இந்த மனிதர்தான், பிணைப்பு தமக்குக் கண்முன் தெரிவதுபோல் பழகிப்போய்விட்டது என்றும், உண்மையில் அப்படி ஒரு பொருள் இல்லை, யாரும் அதைக் கண்டதுமில்லை காணப்போவதுமில்லை, அது நம் கற்பனை ஆக்கம் என்றும் எழுதியவர். வாழ்நாள் முழுக்கப் பிணைப்பைக் கணக்கிட்டவர் பிணைப்பு இல்லை என்கிறார். இதைச் சலிப்பில் சொன்ன பேச்சாக எடுத்துக்கொள்வது தவறு. ஒன்றுக்கு மேற்பட்ட இலத்திரன்கள் உள்ள எந்த அணுவிலும் மூலக்கூறிலும் தனித்தனி ஒபிற்றல் என்பது ஓர் அண்ணளவாக்கம். இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒன்றின் நிலையை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. கணக்கைச் செய்துமுடிக்க அவற்றைப் பிரித்ததாகப் பாவிக்கிறோம். கறாராகப் பார்த்தால் ஒபிற்றல் என்ற சொல்லுக்கு முழு உரிமை, ஐதரசன் அணுவைப் போல ஒரே ஓர் இலத்திரன் உள்ளவற்றில்தான்.

மெதேன் இதை இன்னும் கூர்மையாகக் காட்டும். ஒரு காபன், அதைச் சுற்றி நான்முகியின் மூலைகளில் நான்கு ஐதரசன். லைனஸ் போலிங் 1931இல் தந்த கலப்பாக்க விளக்கத்தில் காபனின் ஓர் எஸ் ஒபிற்றலும் மூன்று பி ஒபிற்றல்களும் கலந்து நான்கு சமமான ஒபிற்றல்களாகின்றன. நான்கு பிணைப்புகளும் ஒரே மாதிரி. பாடநூலில் வருவது இந்தப் படம். மூலக்கூறு ஒபிற்றல் முறைப்படி வரைந்தாலோ, முழு மூலக்கூறையும் தழுவிய ஓர் ஒபிற்றல் தாழ்ந்த சக்தியிலும், சம சக்தியுள்ள மூன்று ஒபிற்றல்கள் அதற்கு மேலும் வருகின்றன. எதுவும் ஒரு காபனுக்கும் ஓர் ஐதரசனுக்கும் இடையில் மட்டும் நிற்பதில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மூலக்கூறு என்று நம்ப முடியாது. ஒளியால் இலத்திரனைப் பிடுங்கி அளக்கும் ஒளியிலத்திரன் நிறமாலையில், மெதேனின் வெளி இலத்திரன்களுக்கு ஏறத்தாழ 14 இலத்திரன் வோல்ற்றில் ஒரு பட்டையும் 23 இலத்திரன் வோல்ற்றில் இன்னொரு பட்டையும் தோன்றுகின்றன. இரண்டாவது படம் வென்றுவிட்டது, முதலாவது பொய் என்று அவசரமாகத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஒழுங்கான ஒரு கணித மாற்றத்தால் முதல் நான்கை இரண்டாவது நான்காக மாற்றலாம், திருப்பியும் மாற்றலாம். மாற்றும்போது மொத்த அலைச்சார்பு துளியும் மாறுவதில்லை; மொத்த இலத்திரன் அடர்த்தியும் மாறுவதில்லை. முதல் படத்திலிருந்து தொடங்கி, ஓர் இலத்திரன் போன வெற்றிடம் நான்கு பிணைப்புகளுக்கும் பரவுவதைச் சரியாகக் கணக்கிட்டால் அந்த இரண்டு பட்டைகளும் அங்கேயும் வரும். ஓர் இலத்திரனை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு இரண்டாவது படம் நேராகப் பதில் சொல்கிறது. ஓர் ஐதரசனை எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தால் மற்ற மூன்றும் ஏன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன என்று கேட்பவருக்கு முதலாவது படம். கேள்வி வேறு, உருவம் வேறு, மூலக்கூறு ஒன்று.

அப்படியானால் எல்லாமே கற்பனை, விரும்பியபடி வரையலாம் என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. ஒட்சிசன் மூலக்கூறை இரட்டைப் பிணைப்புடன் கோடுகளும் புள்ளிகளுமாக வரைந்தால் இலத்திரன்கள் எல்லாம் சோடி சேர்ந்துவிடும். சோடி சேர்ந்த பொருள் காந்தத்தால் கவரப்படாது. திரவ ஒட்சிசனோ வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே ஒட்டிக்கொண்டு தொங்கும். ஒட்சிசன் காந்தத்தால் கவரப்படுவது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. படம்தான் அதற்கு இடம் தரவில்லை. மூலக்கூறு ஒபிற்றல்களைச் சக்தி வரிசையில் அடுக்கி நிரப்பினால் கடைசி இரண்டு இலத்திரன்களும் சம சக்தியுள்ள இரண்டு எதிர்ப்பிணைப்பு ஒபிற்றல்களில் தனித்தனியே, ஒரே திசைச் சுழற்சியுடன் அமர்கின்றன. 1929இல் லெனார்ட் ஜோன்ஸ் இதைத் தெளிவாக்கினார். காந்தத்துக்கும் இதற்கும் கணக்கு ஒத்துப்போகிறது. வண்ணக் குறிகளுக்கும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு. நான்கு காபன்கள் வரிசையாக உள்ள பியூற்றாடையீனின் நுனிகள் மூடி வளையமாகும்போது, வெப்பத்தால் நடந்தால் இரு நுனிகளும் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன. ஒளியால் நடந்தால் எதிரெதிர்ப் பக்கமாகத் திரும்புகின்றன. ஏன் என்று 1965இல் வூட்வேர்டும் ஹொஃப்மனும் சொன்ன விளக்கம், நுனிகளில் உள்ள புடைப்புகளின் நிறம் நிறத்தோடு பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்ப்பது. கெனிச்சி ஃபுக்குயி 1952 முதல் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். 1981இன் நொபெல் பரிசு அவருக்கும் ஹொஃப்மனுக்கும் கிடைத்தது. இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. தனி ஒரு புடைப்பு நேரா மறையா என்பதற்கு உலகில் எந்தப் பொருளும் இல்லை, அது நாம் இட்ட பெயர். இரண்டு புடைப்புகள் ஒத்த குறியா மாறிய குறியா என்பதிலோ பிணைப்பு உருவாவதும் உடைவதும் தங்கியிருக்கிறது. தனித்தனியே எடுத்தால் வெறும் பூச்சாக இருக்கும் நிறம், ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடத்தில் மூலக்கூறின் நடத்தையைத் தீர்மானிக்கிறது.

ஒபிற்றலை நேரடியாகப் படம்பிடித்துவிட்டார்கள், இன்னும் ஏன் தத்துவம் என்று ஒருவர் கேட்கலாம். 1999இல் ‘நேச்சர்’ இதழ், செப்பு ஒட்சைட்டில் டி ஒபிற்றலின் வடிவம் காணப்பட்டதாக ஒரு கட்டுரையை அட்டையிலேயே அறிவித்தது. 2004இல் கனடாவில் நைதரசன் மூலக்கூறின் ஒபிற்றலை லேசர் துடிப்புகளால் மீளமைத்தார்கள். 2005இல் ஐபிஎம் நிறுவனத்தின் சூரிக் ஆய்வுகூடத்தில், மெல்லிய உப்புப் படலத்தின் மேல் கிடந்த பென்டசீன் மூலக்கூறை ஊடுருவு நுணுக்குக்காட்டியால் வருடியபோது பாடநூல் படத்தை அப்படியே ஒத்த உருவம் திரையில் வந்தது. இவை பெரிய சாதனைகள், இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என்ன அளக்கப்பட்டது என்று மட்டும் பார்ப்போம். செப்பு ஒட்சைட்டில் அளந்தது இலத்திரன் அடர்த்தியை. அடர்த்தி அளக்கக்கூடியது, ஒபிற்றல் அளக்கக்கூடியது அல்ல என்று இரசாயனவியலின் தத்துவத்தை ஆராயும் எரிக் செரி உடனே மறுத்தார். பென்டசீனில் அளந்தது ஊசிமுனைக்கும் மூலக்கூறுக்கும் இடையே ஓடிய மின்னோட்டத்தை. ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் இலத்திரன் உள்ளே வருவது அல்லது வெளியே போவது எவ்வளவு இலகு என்பதையே அது சொல்கிறது. இலத்திரன் ஒன்று குறைந்த மூலக்கூறையும் குறையாத மூலக்கூறையும் ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாட்டுக்குத் திட்டவட்டமான ஒரு வடிவம் உண்டு. திரையில் தெரிந்தது அந்த வடிவம். நிறங்கள் அங்கே இல்லை. வர்க்கம் எடுத்தவுடன் குறி மறைந்துவிடுகிறது. ஆகவே இந்தப் படங்கள் என் வாதத்தை முறிக்கவில்லை. ஊசி ஒரு கேள்வி கேட்டது. மூலக்கூறு அந்தக் கேள்விக்கு ஏற்ற உருவில் பதில் தந்தது.

இந்த இடத்தில் கொழும்பில் பிறந்த ஒருவரை அழைக்காமல் மேலே போக முடியாது. ஆனந்த குமாரசுவாமி 1877இல் இங்கே பிறந்தார். கோயிலைக் கல்லில் எழுப்பிய இராமநாதனுக்கு அவர் தாய்மாமன் மகன். கலை விமர்சகராக உலகம் அவரை அறிந்ததற்கு முன்பே அவர் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். 1904இல் அறியப்பட்ட தோரியனைற்று என்ற கதிரியக்கக் கனிமம் அவருடைய கண்டுபிடிப்பு. இலங்கையிலிருந்து போன அந்தக் கனிமத்தில் வேலைசெய்துதான் 1905இல் லண்டனில் ஒட்டோ ஹான் புதிய கதிரியக்கப் பொருளொன்றைப் பிரித்தறிந்தார். பளிங்குகளின் கோணங்களையும் அடர்த்தியையும் அளந்து பழகிய கண்தான் பிறகு பொலன்னறுவை வெண்கலங்களைப் பார்த்தது. ‘சிவ நடனம்’ என்ற நூல் 1918இல் வெளிவந்தது. பல கைகள் உள்ள இந்தியத் திருவுருவங்களை விகாரம் என்று ஒதுக்கிய மேனாட்டு விமர்சகர்களுக்கு அதில் ஒரு தனிக் கட்டுரையில் அவர் மறுப்புச் சொல்லியிருக்கிறார். அவருடைய வாதத்தின் சாரம் இது: இந்தியச் சிற்பி ஆள் ஒருவரை முன்னே நிறுத்திப் பார்த்துச் செதுக்குவதில்லை. தியான சுலோகம் சொல்லும் இலக்கணத்தை உள்ளத்தில் நிலைநிறுத்தி, அங்கே எழும் உருவை அளவு மாறாமல் கல்லுக்கோ உலோகத்துக்கோ கொண்டுவருகிறார். கிடைக்கும் உருவம் ஒரு யந்திரம் போன்றது, ஒரு வரைபடம் போன்றது. அதை உடற்கூற்றியலால் அளப்பவர் தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார். நடராசரின் உடுக்கு ஏந்திய கையும் தீ ஏந்திய கையும் ஆக்கத்தையும் அழிப்பையும் ஒன்றாகச் சொல்வதற்காக எதிரெதிரே நிற்கின்றன. நான்கு தோள்மூட்டுகள் எப்படிப் பொருந்தும் என்று கேட்பது, பை பிணைப்பின் மேல் புடைப்பு எந்தப் பொருளால் ஆனது என்று கேட்பதற்குச் சமம். அளவில் அறிவியலாளருக்கு இருக்கவேண்டிய கண்டிப்பைச் சிற்ப சாத்திரத்திலும் அவர் கண்டார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதை வைத்துக்கொண்டு, நம் முன்னோர் அணுவை அறிந்திருந்தார்கள், நடராசர் துகள் இயற்பியலின் முன்னறிவிப்பு என்று சொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. 2004 யூனில் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்துக்கு இந்தியா நடராசர் சிலையொன்றை வழங்கியபின் அந்தப் பேச்சு இன்னும் பெருகிவிட்டது. அது இரண்டுக்கும் செய்யும் அநீதி. தில்லைச் சிற்பிகள் சொல்ல வந்ததை அது கேட்பதே இல்லை. அணு அறிவியலாளர் பட்ட பாட்டையும் அது மதிப்பதில்லை. நான் ஒப்பிடுவது உருவங்கள் சொல்லும் செய்திகளை அல்ல, ஓர் உருவம் உண்மையாகும் முறையை.

அந்த முறையைச் சைவ சித்தாந்தம் வியக்கத்தக்க நுட்பத்துடன் வகுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் ‘சிவஞான சித்தியார்’ எழுதியபோதே உருவம், அருவம், அருவுருவம் என்ற மூன்றையும் பற்றிய தடைவிடைகள் முறையாக நடந்தன. இறைவன் தன்னியல்பில் இருப்பது சொரூபம். உயிர்களின் பொருட்டுக் கொள்ளும் நிலை தடத்தம். மகேசுவரன் முதலான உருவத் திருமேனிகளும், இலிங்கத்தில் வணங்கப்படும் சதாசிவமும் தடத்தத்தில் அடங்கும். சிவம், சத்தி, நாதம், விந்து என்ற அருவ நிலைகளும் தடத்தமே. இதை எளிதில் கடந்துபோய்விடக்கூடாது. உருவத்தைவிட அருவம் உயர்ந்தது, ஆகவே அருவத்தில் நின்றால் பொருளை அடைந்துவிட்டோம் என்று நினைப்பவருக்குச் சித்தாந்தி இடம் கொடுப்பதில்லை. அருவமும் உயிரை நோக்கிய ஒரு முகம். சிதம்பரத்தில் நடராசர் உருவமாகவும் படிக இலிங்கம் அருவுருவமாகவும் திரைக்கு அப்பாலுள்ள வெளி அருவமாகவும் ஒரே சபையில் இருக்கின்றன. உருவத்தை வணங்க வந்தவர் அதன் எல்லையையும் அங்கேயே காண்கிறார். நம் பாடநூல்களில் இல்லாதது இதுதான். ஒபிற்றல் படம் இருக்கிறது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லும் பக்கம் இல்லை.

வுல்வெண்டாலின் தரப்பு இப்போது எழுந்து பேசும். எல்லை சொல்லவேண்டிய படம் எதற்கு? சமன்பாடு இருக்கிறதே, அதோடு நிற்கலாமே. இந்த எதிர்ப்புக்கு அறிவியலிலும் பெரிய பெயர்கள் உண்டு. 1926இல் சுரோடிங்கரின் அலைப் படங்களை ஹைசன்பேர்க் விரும்பவில்லை. அளக்கக்கூடிய எண்களுக்கு அப்பால் மனப்படம் தேடுவது வீண் என்பது அவர் நிலை. ஆனால் பென்சீனை எடுத்துப் பாருங்கள். 42 இலத்திரன்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆள்கூறுகள். அதன் முழு அலைச்சார்பு 126 பரிமாண வெளியில் இருக்கிறது. அந்த வெளியில் எந்த மனமும் நடமாட முடியாது. கணினிகூட அண்ணளவாக்கங்கள் இன்றி அதைத் தொட முடியாது. பென்சீனில் ஒரு குளோரினைப் பதித்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கிற இரசாயனவியலாளர், 126 பரிமாணங்களைக் கைவிட்டு, வளையத்துக்கு மேலும் கீழும் பரவிய பை ஒபிற்றல்களைத்தான் நினைக்கிறார். நினைத்தால்தான் அடுத்த பரிசோதனை பிறக்கிறது. அருவத்தில் மட்டும் நிற்பவர் பொருளின் அருகில் நிற்கவில்லை, எந்தக் கேள்வியும் கேட்காமல் நிற்கிறார். அதோடு, சமன்பாடும் நாம் எழுதியது. அணுக்கருக்கள் அசையாதவை என்று கொள்வது போன்ற நமது தெரிவுகள் அதற்குள்ளும் இருக்கின்றன.

இருந்தும் வுல்வெண்டால் அஞ்சியது வீண் அச்சம் அல்ல. உருவம் பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அது சொன்னது, பிடித்துக்கொள்கிறது. நேர்க்குறிப் புடைப்பும் மறைக்குறிப் புடைப்பும் மின்னேற்றங்கள், ஆகவே ஒன்றையொன்று கவரும் என்று எழுதும் மாணவர்கள் எத்தனையோ பேர். பிணைப்புக்கு அது நேர் எதிரானது. ஒத்த குறிகள் சேரும் இடத்தில்தான் பிணைப்பு. அதைவிட ஆழமாக வேரூன்றிய தவறு, கலப்பாக்கத்தைக் காபன் அணுவுக்கு நேரும் ஒரு சம்பவமாக நினைப்பது: முதலில் இலத்திரன் மேலே ஏறுகிறது, பிறகு ஒபிற்றல்கள் கலக்கின்றன, பிறகு ஐதரசன் வந்து சேருகிறது என்று ஒரு கதை. அப்படி ஒரு நிகழ்வு எந்தக் காலத்திலும் எந்த அணுவிலும் நடப்பதில்லை. கலப்பாக்கம் நமது விவரிப்பில் நடக்கும் வேலை. ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. பாடவிதானமும் பரீட்சையும் நேரமும் அவர்களை நெருக்குகின்றன. ஆனால் அந்தக் கதையை நம்பிவிட்ட மாணவருக்கு மெதேனின் இரண்டு பட்டைகளைக் காட்டினால் அவர் இயற்கையே தவறிவிட்டது என்று நினைப்பார். உருவத்தை உடைக்கச் சொன்னவர்கள் எச்சரித்த நோய் இதுதான். மருந்து மட்டும் அவர்கள் சொன்னதல்ல. உருவத்தை எடுத்துவிடுவதற்குப் பதில், இரண்டாவது உருவத்தைப் பக்கத்தில் வைக்கவேண்டும். மெதேனை இரண்டு விதமாகவும் வரைந்து, இரண்டும் எதில் ஒத்துப்போகின்றன என்று கேட்கவைத்தால் மொத்த அடர்த்தி மூலக்கூறுக்கு உரியது, தனித்தனி ஒபிற்றல்கள் கேள்விக்கு உரியவை என்பது மாணவருக்குத் தானாகவே விளங்கும். மகேசுவர மூர்த்தங்கள் 25 என்று ஆகமங்கள் எண்ணுவதும், ஒரே கோயிலில் இலிங்கமும் நடராசரும் தட்சிணாமூர்த்தியும் இருப்பதும், எந்த ஓர் உருவமும் தான் மட்டுமே முழுமை என்று உரிமை கொண்டாடாமல் காக்கின்றன.

அறிவியல்சார்ந்த ஒருவர் இந்த ஒப்பீட்டையே மறுக்கலாம். ஒபிற்றல் படம் தவறினால் காந்தம் காட்டிக்கொடுக்கும், கோயில் திருமேனி தவறினால் எது காட்டிக்கொடுக்கும்? இது நியாயமான கேள்வி. முழுமையான சமாதானம் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. சமய உருவத்துக்கு ஒட்சிசன் போன்ற ஒரு பரிசோதனை கிடையாது. ஒரு வழிபாட்டு மரபு தன் உருவங்களைச் சோதிப்பது தலைமுறைகளின் வாழ்வில்: அந்த உருவத்தின் முன் நின்றவர்கள் தன்முனைப்பு குறைந்தார்களா, அயலவரிடம் இரங்கினார்களா என்பதில். அது மெதுவான, கலங்கலான சோதனை. தவறுகள் அதில் நூற்றாண்டுகளுக்குத் தப்பிப்பிழைக்கலாம், தப்பிப்பிழைத்தும் இருக்கின்றன. ஆகவே ஒபிற்றலைக் காட்டிக் கடவுள் உண்டு என்று யாரும் நிறுவிவிட முடியாது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. சாயல் இல்லாத உருவம் பொய்யுருவம் என்பது பொதுவான ஒரு கோட்பாடாக நீண்டகாலம் உருவ வழிபாட்டின் மேல் வீசப்பட்டு வந்தது. அந்தக் கோட்பாடு இரசாயனவியலிலேயே விழுந்துவிட்டது. இனி உருவ வழிபாட்டை எதிர்ப்பவர் வேறு காரணம் காட்டவேண்டும்.

நம்பிக்கையாளர் சொல்லும் மறுப்பு இதற்கு நேர் மறுபக்கத்திலிருந்து வருகிறது. திருவுருவத்தை வரைபடம் என்று சொல்வது அதைச் சிறுமைப்படுத்துவது. ஆவாகனம் செய்து குடமுழுக்கு நடந்தபின் அங்கே இருப்பது குறியீடு அல்ல, அவனே. அடியார் பார்க்கிறார் என்பதைவிட அடியாரை அவன் பார்க்கிறான் என்பதுதான் தரிசனம். பி ஒபிற்றல் யாரையும் பார்ப்பதில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஒப்பீடு ஓயும் இடம் இது. வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் இரசாயனவியல் உதவும், அந்த வடிவில் யார் வந்து இருக்கிறார் என்ற கேள்விக்கு உதவாது. ஆயினும் எழுந்தருளியிருப்பவனுக்குச் சொரூபத்தில் இந்த வடிவம் இல்லை, நம் பொருட்டே இது என்று சித்தாந்தம் தானே சொல்வதால், வரைபடம் என்ற பேச்சு அந்த நம்பிக்கைக்குப் பகையும் அல்ல.

எஞ்சியிருப்பது வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனின் பக்கமிருந்து வரக்கூடிய ஒரு முடிவு, எனக்கு மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும் முடிவும்கூட. மெதேனுக்கு இரண்டு படங்கள், மூலக்கூறு ஒன்று. அதுபோலப் பேராலயமும் கோயிலும் உருவமற்ற தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே மெய்ப்பொருளின் பல படங்கள் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அதைச் சொல்லும் உரிமையை மெதேன் நமக்குத் தரவில்லை. அங்கே ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக எழுதிக்காட்டக்கூடிய ஒரு மாற்றுவிதி இருக்கிறது. போகும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை வரி வரியாகச் சரிபார்க்கலாம். ஒட்சிசனின் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் இடையே அப்படி ஒரு விதி கிடையாது; அதில் ஒன்று இலத்திரன்களைப் பற்றித் தவறான செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு சமய உருவங்கள் மெதேனைப் போன்றவையா, ஒட்சிசனைப் போன்றவையா என்பது முன்கூட்டியே தெரிந்த விடயம் அல்ல. சிலுவையில் தொங்கும் உடலும் தூக்கிய திருவடியும் எந்த இடத்தில் ஒன்றையொன்று மொழிபெயர்க்கின்றன, எந்த இடத்தில் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன என்பதை இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, ஒவ்வோர் அங்கமாக எடுத்து, தம் மரபின் கண்டிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சில அங்கங்களில் வழி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். சிலவற்றில் கிடைக்காது, அங்கே இருவரில் ஒருவர் சொல்வது தவறாக இருக்கலாம் என்பதையும் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டுதான் அந்தப் பேச்சைத் தொடங்கவேண்டும்.